ஜாய்ஸ்டிக் கேட்கவில்லை, படம் சரியில்லை: பழைய கேம் ஓட்டும்போது எங்கே பார்ப்பது

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் என் தங்கச்சி வீடு. லீவுக்குப் போனால் தேத்தண்ணி கைக்கு வருவதற்குள் மருமகன்கள் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். "மாமா, ஜாய்ஸ்டிக் பழுதாப் போச்சு." போய்ப் பார்த்தால் ஜாய்ஸ்டிக்கில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது.

அங்கே இருப்பது ஒரு ஆபீஸில் கழித்துப்போட்ட டூயல் கோர் கம்ப்யூட்டர், 19 இஞ்சி சதுர மொனிட்டர், பேமென்டில் வாங்கிய இரண்டு யூஎஸ்பி ஜாய்ஸ்டிக், விண்டோஸ் 10, பழைய கன்சோல் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் என்ற சாஃப்ட்வேர். கீழே இருப்பதெல்லாம் அதில் பட்டுத் தெரிந்துகொண்டவை. ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரைப் பழைய டிவியில் மாட்டியவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. கேம் ஃபைல் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி: இந்தக் கோளாறு எல்லா கேமிலுமா, ஒரு கேமில் மட்டுமா?

எல்லா கேமிலும் என்றால் வயர், ஜாய்ஸ்டிக், விண்டோஸ், ரெட்ரோஆர்ச்சின் பொது செட்டிங்ஸ், இந்த நான்கில் ஒன்று. ஒரு கன்சோலின் கேம்களில் மட்டும் என்றால் அதற்கான கோரின் (ரெட்ரோஆர்ச்சுக்குள் அந்த கன்சோலைப் போல நடிக்கும் பகுதி) ஆப்ஷன்ஸ். ஒரே ஒரு கேமில் என்றால் யாரோ அந்த கேமுக்கு மட்டும் பட்டன்களை மாற்றி சேவ் செய்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் கேம் ஃபைலே வேறு நாட்டுக்கானது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் செட்டிங்ஸுக்குள் இறங்கினால் சரியாக இருந்ததையும் கெடுத்துவிட்டுத்தான் வெளியே வருவோம். நானே செய்திருக்கிறேன்.

"பட்டன் எல்லாம் வேலை செய்யுது, பிளஸ் மட்டும் செய்யல"

பிளஸ் என்பது ஆளை நான்கு பக்கமும் நடத்தும் பிளஸ் வடிவப் பட்டன். மலிவான ஜாய்ஸ்டிக்கில் அதிகம் வரும் புகார் இதுதான். நேற்று நடந்தது, இன்றைக்கு நடக்கவில்லை என்பார்கள். ஜாய்ஸ்டிக்கின் நடுவில் அனலாக் என்று ஒரு சின்ன பட்டனும் பக்கத்தில் ஒரு சிவப்பு லைட்டும் இருக்கிறதா பாருங்கள்.

அந்த லைட் அணைந்திருக்கும்போது பிளஸ் பட்டனை அமுக்கினால், இடது குச்சியைத் தள்ளியதாகத்தான் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். லைட் எரியும்போது பிளஸ் தனி, குச்சி தனி. உங்கள் பையன் லைட்டை எரியவிட்டு பட்டன்களைப் பதிந்திருப்பான். மறுநாள் வயரைக் கழற்றி மாட்டியதும் லைட் அணைந்த நிலையில் தொடங்கும். ரெட்ரோஆர்ச் பிளஸ் பட்டனுக்காகக் காத்திருக்கும், ஜாய்ஸ்டிக் குச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

அனலாக் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் அப்போதைக்குச் சரியாகிவிடும். நிரந்தரமாகச் சரிசெய்ய செட்டிங்ஸ், இன்புட், போர்ட் 1 கன்ட்ரோல்ஸ் என்று போய் 'அனலாக் டு டிஜிட்டல் டைப்' என்பதை 'லெஃப்ட் அனலாக்' என்று வையுங்கள். அப்புறம் லைட் எரிந்தாலும் அணைந்தாலும் ஆள் நடப்பான். இரண்டாவது ஜாய்ஸ்டிக்குக்கும் போர்ட் 2-இல் இதையே செய்ய வேண்டும். அதை மறந்தால் தம்பிக்காரன் அழுவான்.

"எந்தப் பட்டனும் வேலை செய்யல"

முதலில் ரெட்ரோஆர்ச்சை மூடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் கேம் கன்ட்ரோலர் என்று தேடினால் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்களுக்கான விண்டோ வரும். அதில் பெயரைத் தெரிவு செய்து ப்ராப்பர்டீஸ் போனால், அமுக்க அமுக்க சிவப்பு வட்டங்கள் எரிய வேண்டும். இங்கேயே எரியவில்லை என்றால் கோளாறு வயரில், சொக்கட்டில், அல்லது ஜாய்ஸ்டிக்கில். கம்ப்யூட்டரின் முன்பக்க யூஎஸ்பியை விட்டு, பின்பக்கத்தில் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் யூஎஸ்பியில் மாட்டிப் பாருங்கள். வயர் ஜாய்ஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். பிள்ளைகள் வயரைச் சுற்றி வைக்கும்போது முதலில் அறுவது அந்த இடம்தான்.

இங்கே எரிகிறது, ரெட்ரோஆர்ச்சில் மட்டும் இல்லை என்றால் ஜாய்ஸ்டிக்கின் முதுகில் எக்ஸ், டி என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். எக்ஸ் பக்கம் தள்ளினால் விண்டோஸ் அதை எக்ஸ்பாக்ஸ் ஜாய்ஸ்டிக்காக எடுத்துக்கொள்ளும், ரெட்ரோஆர்ச்சும் தானாகவே பட்டன்களைப் பொருத்திவிடும். ஸ்விட்ச் இல்லையென்றால் போர்ட் 1-இல் 'செட் ஆல் கன்ட்ரோல்ஸ்' கொடுத்து ஒவ்வொன்றாகப் பதிய வேண்டியதுதான்.

"ஓகே அமுக்கினா வெளிய போகுது"

ரெட்ரோஆர்ச் மனதில் வைத்திருப்பது சூப்பர் நின்டென்டோவின் பட்டன் அமைப்பு: வலது பக்கம் ஏ, கீழே பி. எக்ஸ்பாக்ஸ் மாதிரி ஜாய்ஸ்டிக்கில் கீழே ஏ, வலது பக்கம் பி. பட்டனில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்து அமுக்கினால் கேமுக்குள் எல்லாம் சரியாக இருக்கும். மெனுவில் மட்டும் குழப்பம் என்றால் இன்புட்டுக்குள் மெனு கன்ட்ரோல்ஸில் ஓகே, கேன்சல் இரண்டையும் மாற்றிப் போடும் ஆப்ஷன் இருக்கிறது. கேமின் பட்டன்களை இதற்காகத் திருப்பிப் பதியாதீர்கள்.

"ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரே ஆளைத்தான் நடத்துது"

போர்ட் 2 கன்ட்ரோல்ஸுக்குள் 'டிவைஸ் இன்டெக்ஸ்' என்று இருக்கும். இரண்டு போர்ட்டிலும் ஒரே ஜாய்ஸ்டிக் தெரிவாகியிருந்தால் இப்படித்தான் ஆகும். வயரை எந்த ஓட்டையில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வரிசை மாறுவதும் உண்டு. நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இரண்டு யூஎஸ்பிக்கும் பக்கத்தில் நெயில் பொலிஷால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வைத்துவிட்டேன். தங்கச்சி கோபித்துக்கொண்டாள், ஆனால் சண்டை நின்றது.

ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை விழுகிறது, மவுஸ் தானாக ஓடுகிறது என்றால் பின்னால் ஸ்டீம் (கேம் விற்கும் சாஃப்ட்வேர்) திறந்திருக்கிறதா பாருங்கள். அதுவும் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொள்ளும். மூடிவிட்டால் போதும்.

"கீபோர்டுல ரெண்டு பேர் விளையாடினா குதிக்கமாட்டேங்குது"

ஒரு ஜாய்ஸ்டிக் உடைந்தவுடன் ஒருவன் கீபோர்டுக்கு வருவான், அடுத்து இரண்டு பேரும் கீபோர்டிலேயே உட்காருவார்கள். சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கோடுகளில்தான் எல்லாக் கீயும் உட்கார்ந்திருக்கும். சில கீகளை மூன்றாகச் சேர்த்து அமுக்கினால் மூன்றாவது பதியாது. எந்த செட்டிங்ஸும் இதைத் தீர்க்காது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றும் பெரும்பாலும் தனிக் கோட்டில் இருப்பதால் சுடுவதையும் குதிப்பதையும் அவற்றில் வைத்தால் தப்பிக்கலாம். ஆனால் ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் விண்டோஸ் ஸ்டிக்கி கீஸ் பெட்டியைத் திறந்து கேமை மறைக்கும். அதை முதலிலேயே செட்டிங்ஸில் நிறுத்திவிடுங்கள்.

"நல்லா அழுத்தினாத்தான் விழுது"

இதுதான் உண்மையிலேயே ஜாய்ஸ்டிக்கின் கோளாறு. நம்ம பக்கத்துக்கே உரிய கோளாறு என்றும் சொல்லலாம். மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை சுவரெல்லாம் ஈரம், பெட்டிக்குள் இருக்கும் சட்டையில் பூஞ்சணம். ஜாய்ஸ்டிக் மட்டும் தப்புமா?

பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி, வயர்களை இழுக்காமல் மூடியைத் தூக்குங்கள். பச்சைப் பலகையில் ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே சீப்பு மாதிரி பின்னிய கறுப்புக் கோடுகள் இருக்கும். அதற்கு மேல் ரப்பர் குமிழ், குமிழின் உள்ளே ஒரு கறுப்பு வில்லை. அமுக்கும்போது வில்லை கீழே வந்து இரண்டு சீப்புகளையும் சேர்த்துத் தொட வேண்டும். அவ்வளவுதான் பட்டன். ஈரமும் கை எண்ணெயும் பிஸ்கட் தூளும் நடுவில் படிந்துவிட்டால் தொடுகை நிற்காது.

பார்மசியில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சில் தொட்டு, கறுப்புக் கோடுகளை மெல்ல ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறுப்பே போய்விடும். வில்லையையும் அதேபோல் துடையுங்கள். பத்து நிமிடம் காயவிட்டு மூடுங்கள். மூடும்போது ரப்பர் பக்கவாட்டில் நகராமல் அதன் காதுகள் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒரு பட்டன் உள்ளேயே அமுங்கிக் கிடக்கும்.

காய்வதற்காக அடுப்பு மேட்டில் வைக்காதீர்கள். பெரிய மருமகன் ஒரு நாள் வைத்தான். ரப்பர் சுருங்கி, பட்டன்கள் கிழவியின் பல் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்து நின்றன. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல், ஒரு பிஸ்கட் டின்னில் ஜாய்ஸ்டிக்கோடு போட்டு மூடி வைத்தால் போதும்.

ஆள் தானாகவே ஒரு பக்கம் நடப்பது வேறு கதை. குச்சி நடுவுக்குத் திரும்பவில்லை. முதலில் மேலே சொன்ன விண்டோஸ் கேம் கன்ட்ரோலர் விண்டோவில் கேலிப்ரேட் செய்யுங்கள். போதாவிட்டால் ரெட்ரோஆர்ச் இன்புட்டில் 'அனலாக் டெட்ஸோன்' (குச்சியின் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத எல்லை) அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

"கரண்ட் போய் வந்தா எல்லாம் மாறிப்போகுது"

ரெட்ரோஆர்ச் தன் செட்டிங்ஸை ஒழுங்காக மூடும்போதுதான் எழுதிவைக்கும். நடுவில் கரண்ட் போனால், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதிந்த பட்டன்கள் எல்லாம் காற்றில் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்களில் நான் ஒரே ஜாய்ஸ்டிக்கை எத்தனை தடவை பதிந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. இப்போது அப்படி வெட்டு இல்லாவிட்டாலும் காற்று மழைக்கு ஒரு சவுக்குக் கிளை லைனில் விழுந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் "படிக்கிற நேரத்துல என்னடா?" என்று அம்மா வந்து சுவர் ஸ்விட்சையே நிப்பாட்டுவாள். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

செட்டிங்ஸ் மாற்றியவுடன் மெயின் மெனுவில் 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' போய் 'சேவ் கரண்ட் கான்ஃபிகரேஷன்' கொடுங்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் அந்த கான்ஃபிகரேஷன் ஃபைலை ஒரு பென்டிரைவில் கொப்பி எடுத்து வையுங்கள். அடுத்த தடவை மூன்று நிமிட வேலை.

கேமுக்குள் சேவ் செய்ததும் தொலைகிறது என்றால் செட்டிங்ஸில் சேவிங் பகுதிக்குள் 'சேவ்ரேம் ஆட்டோசேவ் இன்டர்வல்' பாருங்கள். ஆஃபில் இருந்தால் 10 வினாடி என்று வையுங்கள். ஆஃபில் இருக்கும்போது, கேமை மூடும்வரை அந்த சேவ் டிஸ்குக்கு வராமல் மெமரியிலேயே தங்கியிருக்கும்.

"ஆள் எல்லாம் குண்டா இருக்கான்" / "ஒல்லியா இருக்கான்"

குண்டு என்றால் 4:3 படத்தை அகலத் திரை முழுக்க இழுத்திருக்கிறீர்கள். வீடியோ, ஸ்கேலிங், 'அஸ்பெக்ட் ரேஷியோ' என்பதை 4:3 ஆக்குங்கள். ஒல்லி என்றால் இரண்டு இடத்தில் குறுக்கியாகிவிட்டது: ரெட்ரோஆர்ச்சில் ஒரு 4:3, டிவி ரிமோட்டில் இன்னொரு 4:3. டிவியை 16:9-இல் விட்டுவிடுங்கள்.

பழைய 19 இஞ்சி சதுர மொனிட்டரை யாராவது தூக்கிப்போடப் பார்த்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு 1280×1024. நின்டென்டோவின் ஃபேமிகொம் கன்சோலின் படம் 256×240. அகலத்தை 5 மடங்கு, உயரத்தை 4 மடங்கு ஆக்கினால் 1280×960, அச்சொட்டாக 4:3. ஒரு புள்ளி கூடப் பாதியாக உடையாது. மேலும் கீழும் 32 வரி கறுப்பு மட்டும் மிஞ்சும். அஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 என்று வைத்து, படத்தை முழு மடங்கில் மட்டும் பெருக்கும் 'இன்டீஜர் ஸ்கேல்' ஆன் செய்து, கோர் ஆப்ஷன்ஸில் ஓரம் வெட்டுவதை நிறுத்தினால் இது கிடைக்கும். 32 இஞ்சி மலிவு டிவிகளில் திரை 1366×768. கம்ப்யூட்டரிலிருந்து 1920×1080 அனுப்பினால் டிவி அதைத் தானே சுருக்கும், நாம் எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஓரங்கள் மங்கும். அங்கே இன்டீஜர் ஸ்கேலுக்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

பழைய டிவியின் கோடுகளைப் போலக் காட்டும் ஸ்கான்லைன் ஷேடர் போட்டால் கோடுகள் சில இடத்தில் தடிப்பாகவும் சில இடத்தில் மெலிதாகவும் தெரிவதற்கும் காரணம் இந்த மடங்குக் கணக்குத்தான். ஷேடர் போட்டதும் கேமே ஊர்ந்தால் கிராஃபிக்ஸ் கார்ட் தாங்கவில்லை. பழைய கம்ப்யூட்டருக்கு சிஆர்டி ராயல் வேண்டாம், ஸீஃபாஸ்ட் சிஆர்டி போதும்.

"ஸ்கோர் பாதி தெரியல"

டிவி ஓரத்தை வெட்டுகிறது. ரிமோட்டில் பிக்சர் மெனுவுக்குள் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், டாட் பை டாட் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். விண்டோஸின் டாஸ்க்பாரும் சேர்ந்து வெட்டுப்பட்டால் தவறு டிவியில். டாஸ்க்பார் முழுசாகத் தெரிந்து கேமில் மட்டும் வெட்டு என்றால் கோர் ஆப்ஷன்ஸில்.

"பாட்டு இழுக்குது" / "ஓடும்போது விக்குது"

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகொம் வினாடிக்கு 60 படம் காட்டும். நம்ம நாட்டு டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, வினாடிக்கு 50. ஐரோப்பாவும் அப்படித்தான். அங்கே விற்ற கேம்களில் பலவற்றை வேகம் சரிசெய்யாமலே விட்டுவிட்டார்கள். அதனால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், ஒரு நிமிடப் பாட்டு 72 வினாடி ஓடும். திருத்தாமல் விட்ட கேம்களில் சுருதியும் அரை ஸ்வரத்துக்கு மேல் இறங்கிவிடும். உங்கள் கேம் ஃபைலின் பெயரில் யூரோப் என்று இருந்தால் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள், கேம் அப்படித்தான். அமெரிக்க அல்லது ஜப்பானியப் பதிப்பு 60-இல் ஓடும்.

50 படக் கேமை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் வினாடிக்குப் பத்துப் படம் இரண்டு தடவை காட்டப்படும். திரை நகரும்போது விக்குவது அதனால்தான். நம்ம ஊர் டிவிகளில் பல எச்டிஎம்ஐயில் 50 ஹெர்ட்ஸையும் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 50 தெரிந்தால் அதற்கு மாற்றுங்கள், விக்கல் நின்றுவிடும்.

60 படக் கேமே விக்குகிறது என்றால் மொனிட்டர் 75 ஹெர்ட்ஸில் ஓடுகிறதா பாருங்கள். பழைய சதுர மொனிட்டர்களில் இது சகஜம். 60-க்கு இறக்குங்கள். படம் நடுவில் கிழிகிற மாதிரித் தெரிந்தால் விசிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு சேர்க்கும் வீடியோ செட்டிங்) ஆஃபில் இருக்கிறது.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் எனக்கு ஒரு குறை இருந்தது. சின்ன வயதில் கொட்டகலையில் அத்தை வீட்டு இஸ்தோப்பில் விளையாடிய கேம் இது இல்லை, ஆள் ஓட்டமாக ஓடுகிறான், பாட்டு அவசரப்படுகிறது. அப்புறம்தான் புரிந்தது. நாங்கள் விளையாடியது மஞ்சள் கேசட் போடும் டூப்ளிகேட் டிவி கேம். பால் டிவிக்காகச் செய்த அந்த மாதிரிப் பெட்டிகள் 50-இல் ஓடுபவை. ஆனால் உள்ளே இருக்கும் சிப்பின் வேகம் ஜப்பானியப் பெட்டிக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் சுருதி இறங்காது, தாளம் மட்டும் ஆறஅமர வரும். நெஸ்டோபியா, மெஸன் என்ற இரண்டு ஃபேமிகொம் கோரிலும் ரீஜியன் ஆப்ஷனில் 'டெண்டி' என்று ஒன்று இருக்கிறது. ரஷ்யாவில் விற்ற அதே வகைப் பெட்டியின் பெயர் அது. அதைப் போட்டேன். அத்தை வீட்டுப் பாட்டு வந்துவிட்டது.

சின்னவன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மாமா, இது ஏன் தூங்குது?" என்றான். அவனுக்காக அந்த ரீஜியன் ஆப்ஷனைத் திரும்ப 'ஆட்டோ'வில் விட்டுவிட்டேன்.

"அமுக்கி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் குதிக்குது"

டிவியில் கேம் மோட் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போகும். மீதிக்கு லேட்டன்சி பகுதியில் 'ரன் அஹெட்' (கேமைக் கொஞ்சம் முன்கூட்டியே ஓட்டித் தாமதத்தைக் குறைப்பது) ஒரு ஃபிரேம் வைக்கலாம். டூயல் கோர் மூச்சு வாங்கினால் எடுத்துவிடுங்கள்.

ராஸ்பெரி பை, பழைய 21 இஞ்சி டிவி

படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் டிவி பழுதில்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ராஸ்பெரி பை அமெரிக்க, ஜப்பானிய டிவிகளின் என்டிஎஸ்சி முறையில் அனுப்பும், நம்ம பால் டிவி அந்த நிறத்தைப் படிக்காது. கான்ஃபிக் ஃபைலில் டிவி முறையை பால் என்று மாற்ற வேண்டும். படமே வராவிட்டால் எச்டிஎம்ஐ வயர் மாட்டியிருக்கிறதா பாருங்கள், அது இருந்தால் இது வராது. பை 4-இல் டிவி அவுட்டைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். மேல் மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் வந்தால் போன் சார்ஜர் போதவில்லை. அது 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் வரும், பை 4-க்கு 3 ஆம்ப் வேண்டும்.

மஞ்சள் வயரைச் சரியாக மஞ்சளில் மாட்டியும் டிவியில் படத்துக்குப் பதில் இரைச்சல் மட்டும் வந்தால், நீங்கள் மாட்டியது வீடியோ கேமராவோடு வந்த வயராக இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. சிவப்பு முனையைக் கழற்றி டிவியின் மஞ்சள் ஓட்டையில் மாட்டுங்கள், படம் அதில் வரும்.